சின்னச் சாமியிடம் மட்டும் வரிசை

எங்கள் மாதா கோயிலில் சாமியார்கள் இரண்டு பேர், பெரிய சாமி, அவருக்கு உதவியாகச் சின்னச் சாமி. நாங்கள் முட்டி போட்டுப் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியும் இரண்டு. சனிக்கிழமை சாயங்காலம் வந்து பாருங்கள், பெரிய சாமியின் தொட்டிக்கு முன்னால் ஈ காக்கா இருக்காது. சின்னச் சாமியின் தொட்டிக்கு வரிசை வாசல்படி தாண்டி நிற்கும். பக்தி ஒன்றும் பொங்கி வழியவில்லை. சின்னச் சாமிக்கு எங்கள் பாஷை தெரியாது, அவ்வளவுதான். பெரியவர் எந்தப் பாவத்தைச் சொன்னாலும், "எத்தனை தடவை? யாரோட?" என்று குடைந்தெடுப்பார். சின்னவர் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு, "மூணு அருள்நிறை மரியே செபம் சொல்லுங்க" என்று பரிகாரம் தருவார். கொலை பண்ணிவிட்டு வந்தாலும் மூன்றுதான்.

இவ்வளவு பெரிய நாட்டில் ஆயர்கள் சாமியார்களை இப்படி மாற்றிக்கொள்வார்களாம். அந்தக் கோடியிலிருந்து மூன்று நாள் ரயிலில் இவர் வந்தார், எங்கள் பழைய சின்னச் சாமி அங்கே போனார். பூசை எங்கேயும் ஒரே பூசைதான், பாஷைதான் வேறு. இவர் எங்கள் செபங்களைத் தன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிப்பார்.

நான் சாமியார் வீட்டுச் சமையல்காரி. பழையவர் ஒவ்வொரு வாய்க்கும், "அக்கா, கை மணக்குது" என்பார். அவரைப் பிடுங்கிக்கொண்டு ஒரு ஊமையை அனுப்பினால் எனக்கு வயிறு எரியாதா? இது சுடச்சுட வைத்தாலும் ஒரு சிரிப்பு, ஆறிப்போய் வைத்தாலும் அதே சிரிப்பு. பெரிய சாமி பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுப் படுத்துவிடுவார். சின்னவர் ஆஸ்பத்திரி நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரண்டு மணிக்குத் தனியாக வந்து உட்காருவார். கேட்க ஆளில்லை. நேற்றைய மிச்சத்தைச் சுடவைத்துப் போட்டேன். கோழி என்றால் கழுத்து. பால் என்றால் பாதி தண்ணீர்.

ஆனால் நான் வேதத்துக்குப் பயந்தவள், பாவத்தோடு பூசையில் நன்மை அப்பம் வாங்க மாட்டேன். அதனால் சனிக்கிழமை தவறாமல் அவர் தொட்டியிலேயே முட்டி போட்டு, அவரிடமே எல்லாவற்றையும் சொல்வேன். "அட என் தலையெழுத்தே, இந்த வாரமும் அந்த மூஞ்சிக்கு மிச்சம்தான் போட்டேன் சாமி. எதைப் போட்டாலும் மென்னுக்கிட்டுத் திருதிருன்னு முழிக்குது. பாத்தாலே பத்திக்கிட்டு வருது!" அரை மணி நேரம் கொட்டுவேன். மூன்று அருள்நிறை மரியே. மனசு லேசாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கழுத்து.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. அவருக்கு மாற்றல் வந்தது. பிரிவு உபசாரக் கூட்டத்தில் பெரிய சாமி மைக்கைக் கொடுத்து, ஏதாவது செபத்தைப் படித்து முடிக்கும்படி சைகை காட்டினார். சின்னவர் காகிதம் எதையும் எடுக்கவில்லை.

"அட என் தலையெழுத்தே, எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல," என்றார், தெள்ளத் தெளிவாக. "வந்த புதுசுல திருதிருன்னு முழிச்சேன். ஆறே மாசத்துல உங்க பாஷையக் கரைச்சுக் குடிச்சிட்டேன். ஆனா எல்லாரும் என்கிட்ட கையை ஆட்டி ஆட்டியே பேசுனீங்க. ஒரு ஆளாவது வாயைத் தொறந்தாத்தானே நானும் பேச முடியும்?"

பாடகர் குழுத் தலைவியின் கையிலிருந்த மாலை கீழே விழுந்தது. மருந்துக் கடைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். சனிக்கிழமை வரிசையில் நின்ற அத்தனை பேரும் இரண்டு வருஷப் பாவத்தை மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய சாமி மட்டும் என் பக்கம் திரும்பி, "என்னம்மா, அப்படியே நீ பேசுற மாதிரியே பேசுறாரு?" என்றார். நான் முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நழுவினேன்.

மறுநாள் மதியம் இருவருக்கும் ஒரே மேஜையில் விருந்து. பெரிய சாமி லேசுப்பட்ட ஆள் இல்லை. பால் பொங்கி அடுப்பு அணைந்ததற்கே எனக்கு முன்னால் இருந்தவளை வீட்டுக்கு அனுப்பியவர். என் வீட்டுக்காரரோ படுத்த படுக்கை. இந்த வேலையும் போனால் நான் எங்கே போய் நிற்பேன்? காலையில் மெழுகுத்திரி எடுக்க வந்த கோயில்பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, தொட்டியில சொன்னத சின்னச் சாமி வெளிய சொல்லிருவாரா?"

"போக்கா! தலையே போனாலும் சொல்லக் கூடாது. சொல்றது என்ன, கேட்டத மனசுல வெச்சுக்கிட்டு ஒரு காரியம்கூடப் பண்ணக் கூடாது. அவரு செருப்புல முள்ளு வெச்சிருக்கேன்னு நான் தொட்டியில சொன்னா, அவரு அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டுத்தான் போகணும். மூஞ்சியக்கூடச் சுளிக்கக் கூடாது. அது சட்டம்கா."

போன உயிர் திரும்பி வந்தது. வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். பாதி வெங்காயத்தில்தான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை நான் சொல்வேன், ஞாயிற்றுக்கிழமை அவர் தெரிந்தே சாப்பிடுவார். கழுத்தை ஒதுக்கவும் முடியாது, பாலைக் கொட்டவும் முடியாது. வேறு வையுங்கள் என்றுகூடக் கேட்க முடியாது. நானே சொல்லி, நானே அந்த மனுஷன் வாயைக் கட்டியிருக்கிறேன். அடிப்பாவி, நீ நல்லாயிருப்பியா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

விருந்தில் நல்ல தொடையாகப் பொறுக்கிச் சின்னவர் தட்டில் வைத்தேன். பெரிய சாமி சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தார். "இப்பத்தான் நல்லாப் பேசுறீங்களே. ஒளிக்காம சொல்லுங்க, ரெண்டு வருஷமா நம்ம அம்மா சமையல் எப்படி?"

சின்னவர் என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் வைங்கக்கா," என்று தட்டை நீட்டினார்.

"பேச்ச மாத்தாதீங்க. எப்படி?"

"சாப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கேன் சாமி, பாக்குறீங்கல்ல?"

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. வேலையாவது மண்ணாவது! "என்னைக் கேளுங்க சாமி," என்று கத்தியேவிட்டேன். "ரெண்டு வருஷமா இவருக்கு மிச்சம் மீதியத்தான் போட்டேன். கழுத்து. தண்ணிப் பால். அத்தனையும் வேணும்னேதான் பண்ணேன்."

பெரிய சாமியின் கை வாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றது. மெல்லச் சின்னவர் பக்கம் திரும்பினார். "என்ன சாமி இது? உங்களுக்கு இது தெரியுமா?"

"இப்பத்தான் கேள்விப்படுறேன்," என்றார் சின்னச் சாமி, கறியைப் பிய்த்தபடியே. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நான் கரண்டியும் கையுமாக அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.