தோப்புக் கிணற்றுத் தண்ணீர்

1981 ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, பத்தாம் வகுப்பின் கடைசிப் பரீட்சை பகல் பன்னிரண்டேகாலுக்கு முடிந்தது. பெஞ்சுகளில் சாக்பீஸால் எழுதிய எண்கள் இன்னும் அழியவில்லை. நான்கு பெண்கள் மட்டும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே லீலா நின்றாள்.

லீலா ஆரணியில் இதே பள்ளியில் படித்தவள். இப்போது வேலூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை. தினமும் கண்ணமங்கலம் வழியாக பஸ்ஸில் போய் வருகிறாள். அவளுடைய துறைத் தலைவர் ஒவ்வொரு மே மாதமும் இரண்டு பள்ளிப் பிள்ளைகளை ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார். பஸ் செலவு உண்டு, மதியச் சாப்பாடு உண்டு. மார்க் கேட்கமாட்டார். ஒன்றுதான் கேட்பார்: உனக்கு என்ன தெரியணும்?

இரண்டு வருஷமாக லீலா ஆரணியிலிருந்து ஆள் கூட்டிப்போனாள். முதலில் போனவன் ஓம் விதியை ஒப்பித்தான். அடுத்த வருஷம் போனவள் "எல்லாமே தெரியணும் சார்" என்றாள். இருவரும் வந்த வழியே திரும்பினார்கள். இந்த வருஷம் ஓர் இடத்தை வேலூர்ப் பையன் ஒருவன் வாங்கிவிட்டான். மற்றது திங்கட்கிழமை வரைக்கும் காலி.

"சொல்லுங்க. என்ன தெரியணும்?"

"வைட்டமின் சி, அக்கா" என்றாள் முதல் பெண்.

"அதுல என்ன?"

"அது எலுமிச்சம்பழத்துல இருக்குது."

"அதான் தெரிஞ்சுபோச்சே."

பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். "அவளுக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான்க்கா."

"சரி, நீ சொல்லு."

சிரித்தவள் வாயை மூடிக்கொண்டாள். மூன்றாமவள், மதியம் சாம்பார் சாதமா சாப்பாடா என்று கேட்டாள்.

நான்காமவள் கடைசி பெஞ்சில் இருந்தாள். பெயர் பாஞ்சாலை.

"புக்குல இல்லாததக் கேக்கலாமாக்கா?"

"அதத்தான் கேக்கறேன்."

"தோப்புக் கிணத்துத் தண்ணியிலதான் பட்டுக்குச் சாயம் புடிக்கும்ன்றாங்க. மில்லுக் கிணத்துத் தண்ணின்னா திட்டுத் திட்டா வரும்ன்றாங்க. ரெண்டுலயும் சோப்பு ஒரே மாதிரிதான் நுரைக்குது. நான் போட்டுப் பாத்தேன். அப்புறம் ஏன்?"

லீலா நெசவுக்கார வீட்டுப் பெண். தோப்புக் கிணறு என்ற பெயரைக் கேட்டே வளர்ந்தவள். அது ஊருக்கு வெளியே, ஆற்றோரம், இரண்டு மைலில் இருக்கிறது. அரிசி மில் கிணறோ சாயத் தெருவின் முனையிலேயே இருக்கிறது. ஆனாலும் சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் தோப்பிலிருந்துதான் மாட்டு வண்டியில் வரும். ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"யார் வீட்டுப் பொண்ணு நீ?"

"சடையன் பொண்ணு. தண்ணி வண்டி ஓட்டறாரே, அவரு."

அங்கிருந்தே இருவரும் சாயத் தெருவுக்குப் போனார்கள். சுப்பராயலு லீலாவுக்குச் சித்தப்பா முறை. அவர் பட்டறையில் செப்புத் தொட்டி கொதித்துக்கொண்டிருந்தது. கழியில் கோத்த பட்டு நூல் சிட்டங்களைச் சாயத்தில் முக்கிப் புரட்டிக்கொண்டே பேசினார். முழங்கை வரைக்கும் வாடாமல்லி நிறம்.

"மில்லுத் தண்ணியா? ஆவாது."

"போட்டுப் பாத்தீங்களா சித்தப்பா?"

"எதுக்குப் போடணும்? திட்டு விழும்."

"யாருக்கு விழுந்துச்சு?"

"எங்கப்பா சொன்னாரு."

"அவருக்கு விழுந்துச்சா?"

"அவருக்கு அவங்கப்பா சொன்னாரு. இன்னா லீலா, வேலை நேரத்துல பேஜார் பண்ற?"

பாஞ்சாலை வாசற்படியில் நின்றபடி கேட்டாள். "உங்க தாத்தா காலத்துல மில்லே இல்லியேங்க?"

கழி ஒரு நிமிஷம் நின்றது.

"யார்றா இது?"

"சடையண்ணன் பொண்ணு" என்றாள் லீலா. "மே மாசம் எங்க ஆய்வுக்கூடத்துக்கு வரப்போறா. ரெண்டு கிணத்துத் தண்ணியையும் சோதிச்சுப் பாக்கணும்ன்றா."

சுப்பராயலு சத்தமாகச் சிரித்தார். "சடையன் பொண்ணா? உங்கப்பன் சோத்துல நீயே மண்ணு போடறியா? மில்லுத் தண்ணி ஆவும்னு வந்துச்சுன்னு வையி, நாளைக்கே ஒரு டியூப் போட்டு இழுத்துக்குவேன். அப்புறம் வண்டி எதுக்கு, மாடு எதுக்கு?" கழியைப் புரட்டினார். "நல்லா சோதிம்மா. எனக்கு லாபந்தான்."

இருவரும் தெருக்கோடி வரைக்கும் நடந்தார்கள். முனையில் மில் இருந்தது. ஊறிய நெல்லின் வாடை. சுவருக்குப் பின்னால் கிணறு. அங்கிருந்து சுப்பராயலுவின் வாசல் தெரிந்தது.

"வேற கேள்வி பாப்போம்" என்றாள் லீலா. "திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்குது."

"நேத்து ராத்திரி வேற யோசிச்சுப் பாத்தேன்க்கா. யோசிச்சா வைட்டமின்தான் வருது. இது தானா வந்தது."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவர்கிட்டதான் மொதல்ல கேட்டேன். மாட்டுக்குத் தவிடு வெக்கப் போயிட்டாரு."

மறுநாள் லீலா ஆய்வுக்கூடத்திலிருந்து கண்ணாடி மூடி போட்ட பாட்டில்கள் இரண்டு கொண்டுவந்தாள். கேள்வியோடு தண்ணீரும் போனால் துறைத் தலைவர் கதவைத் திறந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றை மில் கிணற்றில் நிரப்பினார்கள். காவல்காரர் அதை மருந்து பாட்டில் என்று நினைத்து, குழந்தைக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பாட்டிலோடு தோப்புக்குப் போனார்கள். சடையன் வண்டிப் பீப்பாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மாடு அவிழ்த்துவிடப்பட்டு நிழலில் நின்றது. மகள் கையிலிருந்ததைப் பார்த்தார். வாளியைக் கிணற்றில் விட்டார்.

"இதுலதான் எடுத்துக்கினு போவணும்பா" என்றாள் பாஞ்சாலை. "சாயக்காரர் என்னா சொன்னாருன்னா..."

"தெரியும். நேத்து அவரே சொல்லிச் சொல்லி சிரிச்சாரு."

வாளி மேலே வந்தது. அவர் அதைப் பீப்பாயில் ஊற்றாமல் கைப்பிடிச் சுவரில் வைத்தார்.

"மூணு வருசம் முன்ன ஒருநாளு," என்று லீலாவைப் பார்த்துச் சொன்னார், "மாட்டுக்கு லாடம் பேந்துபோச்சும்மா. தோப்பு வரைக்கும் நடக்காது. சாயக்காரரு ஜல்தி ஜல்தின்னு நிக்கிறாரு. மில்லுலயே ரொப்பிக்கினு போயி ஊத்திட்டேன்."

"யாருக்கும் தெரியாமயா?"

"யாருக்குத் தெரியும்? தண்ணி பாக்க தண்ணி மாதிரிதான இருக்குது."

பாஞ்சாலை ஒரு அடி முன்னால் வந்தாள். "திட்டு விழுந்துச்சாப்பா?"

"அங்கதான் வம்பு. வருசத்துக்கு ஒரு வாட்டி யாரோ பம்பாய்க்காரனுக்குக் கருப்பு போடுவாரு. அன்னிக்குப் பாத்துக் கருப்பு." சடையன் தலையில் அடித்துக்கொண்டார். "கருப்புல இன்னா தெரியும்?"

லீலா சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. பாஞ்சாலை சிரிக்கவில்லை.

"இன்னொரு வாட்டி ஊத்திப் பாத்திருக்கலாம் இல்ல?"

"நெனைச்சேன். சந்தன கலரு போடற அன்னிக்கு ஊத்தணும்னு மூணு வருசமா நெனைச்சிக்கினுதான் இருக்கேன். போறப்ப வரப்ப எல்லாம் மில்லாண்ட வந்தா கை அரிக்கும். திட்டு விழுந்தா அவரு என் தோல உரிப்பாரு. விழலன்னா..."

மாடு வாலை வீசி ஈயை விரட்டியது.

"அண்ணே," என்றாள் லீலா, "வாணாம்னா விட்டுடலாம். அவ இன்னும் சேரல. நான் அடுத்த வருஷம்..."

சடையன் கையை நீட்டினார். பாஞ்சாலை பாட்டிலைக் கொடுத்தாள். அவர் பீப்பாய்ப் பக்கம் திரும்பினார்.

"அதுல வாணாம்பா. பீப்பாயில பழைய தண்ணி கலந்திருக்கும். வாளியில எடு. மொதல்ல அதே தண்ணியில அலம்பிடு."

அவர் அலம்பினார். கொட்டினார். மறுபடி அலம்பினார். கழுத்து வரைக்கும் நிரப்பி, மூடியைத் திருகி அழுத்தி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பாஞ்சாலை பையிலிருந்து மில் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் பிடித்தாள். மூவரும் பார்த்தார்கள். எதில் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

"அடையாளம் போடு" என்றாள் லீலா.

பாஞ்சாலை தாவணி முனையிலிருந்து ஒரு சிவப்பு நூலை உருவி அப்பா கையிலிருந்த பாட்டிலின் கழுத்தில் கட்டினாள். முடிச்சு விழும்வரை அவர் அசையாமல் பிடித்திருந்தார். பிறகும் கொடுக்கவில்லை.

"காலையில எத்தனை மணிக்கு பஸ்ஸு?"

"ஏழு மணிக்கு, அண்ணே."

சடையன் தலையாட்டினார். பாட்டிலை மகள் கையில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே தண்ணின்னு வந்துச்சுன்னா, பாஞ்சால, மறுநாளு காலையில நான் வண்டி பூட்டணுமா, வாணாமா?"