டபுள் பிரேக்குக்கு எந்த வண்டி

கண்ணுகளா, இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்லப் போகிறேன். உங்கள் மேல் இல்லை, பயப்படாமல் கேளுங்கள். சில ஆண்கள் மேல். ஒரு பெண் மேலும்தான்.

அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் டபுள் பிரேக். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். இவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பாள். இவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஊரில் எத்தனை சுவர், எத்தனை மாடு, எத்தனை சைக்கிள் அந்த ஒரு பிரேக்கால் பிழைத்தன என்று எந்தக் கடவுளும் எழுதி வைக்கவில்லை. வருடக்கணக்காக அதன் மேலேயே கால் வைத்திருந்ததில், வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் ஒரு கார் வேகமாகத் திரும்பினால்கூட அவள் பாதம் தரையை அழுத்தும்.

யார் புதிதாக வந்தாலும் சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் அவள் சொல்லும் முதல் பாடம் ஒன்றுதான்: "என் கால் தட்டுன்னு விழுந்தா உங்க ரெண்டு காலும் மேல வந்துடணும். ஸ்டியரிங்க மட்டும் பிடிங்க. வண்டிய நான் நிறுத்திக்கிறேன்." பயத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறவர்களை அவள் அவ்வளவு பார்த்திருக்கிறாள். சத்தம் கேட்டதும் யோசிக்காமல் கால் மேலே வருகிற வரைக்கும் விடமாட்டாள். அதுவரை நாலு தெருவுக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போகமாட்டாள்.

அவள் புருஷன் கண்ணாடிக் கடைக்காரர். மூக்குக்கண்ணாடிக் கடை. அவரும் கார் ஓட்டக் கற்றது இவளிடம்தான். டெஸ்டில் இரண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாவது தடவை தேறினார். அவருடைய அக்காவும் இவளிடம் கற்றவள்தான். மாமியார் மட்டும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது நான் சொல்றத கேக்கல, நான் நடந்தே போறேன்" என்று இறங்கிவிட்டார். அந்த அம்மாளை எனக்குப் பிடிக்கும்.

இப்படி ஊருக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவளுக்குச் சொந்தமாக ஒரு கார் கிடையாது. அவள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இந்த வருடம் ஒரு பழைய கார் வாங்கலாம் என்று கிளம்பினாள். பழைய கார்கள் விற்கும் யார்டில் இரண்டு வண்டிகளைக் காட்டினார்கள். ஒரே கம்பெனி, ஒரே அச்சில் வார்த்தது, ஒரு தாய் பிள்ளை. ஆனால் குணம் வேறு. சாம்பல் நிறத்தில் இருந்தது வேகத்துக்கென்றே செய்தது. பின்னால் இரட்டைக் குழாய், தரையோடு ஒட்டின உடம்பு, பெரிய பிரேக். வெள்ளை நிறத்தில் இருந்தது சாதா எஞ்சின்.

"இவன் முரடன், இவன் சாது" என்றார் யார்டுக்காரர், பிள்ளைகளை அறிமுகப்படுத்துவது போல. சொன்னது அவளிடம் இல்லை, அவள் புருஷனிடம். "சார், வீட்ல லேடீஸ் ஓட்டறதுக்குன்னா சாதுவே போதும்."

"ஓட்டப் போற லேடீஸ் இங்க நிக்கிறேன்" என்றாள் அவள்.

"ஆமா மேடம், அதான் சார்கிட்ட சொல்றேன்."

பார்த்தீர்களா? இதற்கு என்ன பதில் சொல்வது. அவள் சாம்பல் நிறக் காரின் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு. "ஏன் சூடா இருக்கு? நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணீங்களா? ஆறின வண்டி எப்படிக் கிளம்புதுன்னு நான் பாக்கணும்" என்றாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டே சாவியை நீட்டினார். யாரிடம்? புருஷனிடம். அவரும் வாங்கிக்கொண்டார். "நான் ஒரு ரவுண்டு பாத்துடறேன், நீ பக்கத்துல உக்காரு" என்றார்.

அப்போதே அவளுக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினாள். பின்னால் யார்டுக்காரர். பெரிய ரோட்டில் ஒரு சுற்று. அந்த எஞ்சின் உறுமும்போது புருஷன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, கண்ணுகளா, அந்தச் சிரிப்பை அவளும் பார்த்தாள். திரும்பி யார்டுக்குள் இறங்கும் சரிவில் அவர் கொஞ்சம் வேகமாகவே இறக்கினார். எதிரே ஷெட்டின் இரும்புத் தூண்.

அவள் கால் தட்டென்று விழுந்தது.

அந்த வண்டியில் அவள் பக்கம் பிரேக் ஏது? வெறும் தரை. ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? நல்ல மாணாக்கனாக இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு, அவள் நிறுத்துவாள் என்று காத்திருந்தார். அவள் தரையை அழுத்திக்கொண்டு, வண்டி நிற்கும் என்று காத்திருந்தாள். இரண்டு பேரும் நம்பி உட்கார்ந்திருக்க, வண்டி தன் போக்கில் போய்த் தூணில் முட்டியது. பம்பரில் ஒரு கீறல், ஒரு பள்ளம். ஆட்களுக்கு ஒன்றும் இல்லை.

வேறு எந்த வீட்டுத் தம்பதிக்கும் இப்படி ஒரு விபத்து நடக்காது. அங்கேயே சிரித்துவிட்டு விட்டிருக்க வேண்டிய விஷயம். அவர் இறங்கினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், யார்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "வண்டி கையில நிக்கல சார். ரொம்ப டேஞ்சர்." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். யார்டுக்காரர் பின் சீட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். "ஆமா சார், அதான் சாதுவே போதும்னேன்" என்றார். அவருக்கு எது விற்றாலும் சரி.

அவள் குனிந்து பம்பரில் இருந்த பள்ளத்தைத் தடவிப் பார்த்தாள். புருஷனை வெளியாள் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவள். எத்தனை பெண்களை இந்த ஒரு பாடம் கெடுத்திருக்கிறது என்று நான் சொல்ல ஆரம்பித்தால் கதை நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்ததும், வண்டி பார்த்தது என்ன ஆச்சு என்று நாத்தனார் கேட்டாள். அவர், "இவ பக்கத்துல உக்காந்து காலால தட்டி என்னைப் பதற வச்சுட்டா, வண்டி இடிச்சிடுச்சு" என்றார். நாத்தனாரிடமிருந்து அது அடுத்த வீட்டுக்குப் போகும்போது 'அவளால் இடித்தது' ஆயிற்று. அதற்கடுத்த வீட்டில் 'அவள் இடித்தாள்' ஆயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

மறுநாள் டிரைவிங் ஸ்கூல் முதலாளி அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர்.

"என்னம்மா, டெஸ்ட் டிரைவ்ல இடிச்சிட்டீங்களாமே."

"யார் சொன்னா?"

"உங்ககிட்ட கத்துக்கிறாங்களே, அந்த பேங்க் அம்மா. வேற ஆள் போடுங்கன்னு போன் பண்ணாங்க. நீங்க கொஞ்ச நாள் ஆபீஸ்ல இருங்களேன். பேச்சு அடங்கட்டும்."

இத்தனை வருடத்தில் அவள் உட்கார்ந்த வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அது ஒன்றுதான் அவள் சேர்த்த சொத்து. அது ஒரே நாளில் போயிற்று, அதுவும் அவள் ஓட்டாத ஒரு வண்டியால்.

நடந்தே வீட்டுக்கு வந்தாள். ஹாலில் புருஷன், நாத்தனார், மாமியார் மூன்று பேரும் இருந்தார்கள். அவர் முகமெல்லாம் சந்தோஷம்.

"உனக்கு ஒரு சர்ப்ரைஸ். அந்த வெள்ளை வண்டியப் பேசி முடிச்சு அட்வான்ஸ் குடுத்துட்டேன். முரடன் நமக்கு எதுக்கு? சாதுதான் உனக்குப் பழகின வண்டி."

பழகின வண்டிதான். டிரைவிங் ஸ்கூலில் இருப்பதும் அதே மாடல்தான், அதே வெள்ளை. காலையிலிருந்து மாலை வரைக்கும் அவள் எந்த டேஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்திருந்தாளோ, அதே டேஷ்போர்டை ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கட்டும் என்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். கண்ணாடிக் கடைக்காரரே, ஊராரின் கண்ணுக்கெல்லாம் பவர் பார்த்தீர், பக்கத்தில் இருக்கிறவளைப் பார்த்தீரா?

"என்னைக் கேட்டீங்களா?" என்றாள்.

"இதுல கேக்க என்ன இருக்கு? நல்லதுதான பண்ணியிருக்கேன்."

"அவன் உன் பாதுகாப்புக்குத்தானே பாக்கறான்" என்றாள் நாத்தனார். "பெரிய எஞ்சின் வண்டியெல்லாம் கைக்கு அடங்கணும்ல."

"அண்ணி, அத ஓட்டுனது யாரு?"

"அவன்தான் ஓட்டினான். நீதான் தட்டி—"

"ஓட்டுனது யாருன்னுதான் கேட்டேன். இடிச்சது யாருன்னு தெருவுல சொன்னீங்க? இன்னிக்கு என்னை வேலையிலருந்து எடுத்து ஆபீஸ்ல உக்காரச் சொல்லிட்டாங்க. தெரியுமா?"

நாத்தனார் முகம் சுருங்கியது. "அய்யோ, நான் அப்படிச் சொல்லலையே. யாரோ திரிச்சிருப்பாங்க."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னங்க. நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்த மொதல் பாடம் என்ன?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்."

"சொல்லுங்க."

"ஏம்மா, வந்ததும் வராததுமா. காபி குடி, அப்புறம் பேசலாம்."

"கேக்குறால்ல, சொல்லேன்டா" என்றார் மாமியார். மூலையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவர், மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு மகனையே பார்த்தார்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"கால் சத்தம் கேட்டா... ரெண்டு காலையும் தூக்கிடணும்" என்றார்.

"அன்னிக்கு உங்க கால் எங்க இருந்துச்சு?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"ஏண்டா, தூக்கிட்டியா?" என்றாள் நாத்தனார். "அது என்ன டிரைவிங் ஸ்கூல் வண்டியா? அவ பக்கம் பிரேக்கே இல்லையேடா."

"பழக்கம்க்கா. தட்டுன்னு கேட்டதும் தானா வந்துடுச்சு. அவ நிறுத்திடுவான்னு நெனச்சேன்."

"அப்ப வண்டி கையில நிக்கலன்னு சொன்னது?"

"பின்ன எப்படிக்கா சொல்றது, கால தூக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேன்னா? அந்த ஆள் சிரிக்க மாட்டானா?"

மாமியார் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். நாத்தனாருக்கும் வந்துவிட்டது, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். டபுள் பிரேக் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கும் வரவில்லை. ஒரு ஆள் சிரிப்பானே என்று பயந்து, பெண்டாட்டியின் பிழைப்பில் கை வைத்திருக்கிறார். வேண்டுமென்று செய்யவில்லை என்பீர்கள். வேண்டுமென்று செய்திருந்தால் திட்டிவிட்டாவது போகலாம். நினைத்தே பார்க்காமல் செய்திருக்கிறாரே, அதை என்ன செய்வது?

"அண்ணி," என்றாள் அவள், "யார் யார்கிட்ட பேசுனீங்களோ அவங்களுக்கெல்லாம் இப்பவே போன் போடுங்க. யாரு ஓட்டுனா, யாரு கால தூக்குனான்னு சொல்லுங்க. அந்த பேங்க் அம்மாவுக்கும். என் முன்னாடியே."

"இப்பவேவா? எல்லாருக்குமா?"

"பரப்பறதுக்கு எல்லாரும் இருந்தாங்கல்ல."

நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தாள். ஒவ்வொருவரிடமும், "ஒண்ணுமில்ல, நம்ம தம்பி இருக்கான்ல, அவன் என்ன பண்ணான்னா" என்று ஆரம்பித்தாள். நாலாவது போனுக்கு வரும்போது கதையில் அவளுக்கே ருசி வந்துவிட்டது; காலைத் தூக்கிக் காட்டிக்காட்டிச் சொன்னாள். அவர் எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"நீங்க எங்க போறீங்க? உக்காருங்க. எங்க முதலாளிக்கு நீங்கதான் சொல்லணும்."

அவர் சொன்னார். ஒன்றும் விடாமல் சொன்னார்; அதை நான் மறைக்கமாட்டேன். போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"உங்கள நாளைக்கு வண்டிக்கு வரச் சொன்னாரு. இப்ப கோபம் போச்சா?" நீ என்று பேசுகிறவருக்கு அன்றைக்குத் தானாக மரியாதை வந்துவிட்டது.

"இல்ல."

மறுநாள் பாடம் முடித்துவிட்டு அவள் தனியாக யார்டுக்குப் போனாள். யார்டுக்காரர் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"சார் வரலையா மேடம்?"

"சார் கடையில இருக்காரு. வெள்ளை வண்டி வேண்டாம்னு எழுதிக்குங்க. இன்னிக்கு சாம்பல் வண்டி ஆறியிருக்கா?"

"ஆறியிருக்கு. நீங்க ஆறலை போல" என்று சிரித்தார்.

"இடிச்சது யாருன்னு பின் சீட்டுலருந்து பாத்தீங்கள்ல?"

சிரிப்பு நின்றது. சாவி இந்தத் தடவை நேராக அவள் கைக்கு வந்தது.

ஆறின எஞ்சின் ஒரு தடவை இருமி, பிறகு சீராக எடுத்தது. சரிவில் ஏறினாள், பெரிய ரோட்டுக்கு வந்தாள், வழி விட்டதும் மிதித்தாள். வண்டி அவளை முதுகோடு பிடித்துத் தள்ளியது. மற்றவர்கள் வேகத்தை நிறுத்துவதுதான் அவள் பிழைப்பு. தன் வேகம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தாள். அது நின்ற அழகைப் பார்த்து, இதைப் போய் அடங்காத வண்டி என்றார்களே என்று புதிதாக ஒரு கோபம் வந்தது. முரடனைத்தான் வாங்கினாள். பம்பரைச் சரிசெய்யும் செலவு மட்டும் சார் பேரில் என்று சொல்லிவிட்டாள்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கு எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். மாமியார் இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதாவது நாம சொல்றத கேக்குமா?" என்றார். "கேக்கும் அத்தை, ஏறுங்க" என்றாள் அவள். மாமியார் முன்னால் ஏறினார். நாத்தனார் கேட்காமலேயே பின்னால் ஏறிக்கொண்டாள்.

அவர் கதவருகில் நின்றார். கையில் கண்ணாடி துடைக்கும் துணி.

"நானும் வரட்டுமா?"

அவள் யோசித்தாள். பின்னால் இடம் இருந்தது.

"நாளைக்கு வாங்க" என்றாள். "இன்னிக்கு இன்னும் கோபமாத்தான் இருக்கேன்."

அவர் தலையாட்டிவிட்டு, வண்டி திரும்ப வழி விட்டு, கேட்டை நன்றாகத் திறந்து பிடித்துக்கொண்டார்.