ஆந்தையின் பெயரில்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஓர் அலுவலகக் கட்டடத்தின் நான்காம் மாடியிலிருந்து ஒரு வீடியோ கேமின் பழைய வரைபடம் நீக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் எட்டு ஆண்டுகளாக அதில் கட்டியிருந்த கோட்டைகளும் சேர்ந்து போயின. பத்து மணி ஒரு நிமிடத்துக்கு ஆந்தை அதை அறிவித்தது.

ஆந்தை அந்த விளையாட்டின் சின்னம். சமூக வலைத்தளங்களில் நிறுவனத்தின் வாயும் அதுதான். அதன் பின்னால் மூன்று பேர் முறைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். வேலையின் பெயர் கம்யூனிட்டி மேனேஜர். யாரோ எடுத்த முடிவை ஆட்டக்காரர்களிடம் இனிப்பாகச் சொல்ல வேண்டும். அவர்களுடைய வசவை நாசூக்காகச் சுருக்கி மேலே அனுப்ப வேண்டும். ஆந்தை யார் என்பதை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். மதிய முறைக்காரி தன் வீட்டில் கஸ்டமர் சர்வீஸ் என்று சொல்லியிருந்தாள். அது முழுப் பொய்யும் அல்ல.

வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. அன்று மதியம் மேலாளர் போனில் கூப்பிட்டார்.

"வெறும் திட்டெல்லாம் விட்டுடுங்கம்மா. அது நமக்குப் பழகிப்போச்சு. மிரட்டல் மட்டும் எடுங்க. கணக்குப் பேரு, பதிவு பண்ண மெயில், பிறந்த தேதி. அஞ்சு மணிக்குள்ள வக்கீல் கைக்குப் போயிடணும். அவர் போலீஸ்ல குடுத்துருவாரு."

அவர் வைத்ததும் காலை முறைக்காரியிடமிருந்து செய்தி வந்தது. இரண்டு நாளாக அவளைக் கணவன்தான் அலுவலகத்துக்குக் கொண்டுவிட்டு அழைத்துப் போகிறான். 'அக்கா, அந்த பஸ்காரன மட்டும் விட்டுடாதீங்க.'

எந்தப் பதிவைச் சொல்கிறாள் என்பது மதிய முறைக்காரிக்குத் தெரியும். இரும்புப்பல் என்ற பெயரில் ஒருவன் புதன்கிழமை எழுதியிருந்தான்: 'ஆந்தையே, நீ எந்த பஸ்ஸில் ஏறுகிறாய் என்று எங்களுக்குத் தெரியும். இறங்கும் இடத்தில் நிற்போம்.' அப்போது முறையில் இருந்தவள் இவள்தான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஆயத்தப் பதில்களிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டினாள்: 'உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது.'

மிரட்டல்கள் மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொரு கணக்கின் பதிவு விவரத்தையும் திறந்து வரிசையாக ஒட்டிக்கொண்டே வந்தாள். பதினோராவது, இரும்புப்பல். மின்னஞ்சல் முகவரியைப் பாதி ஒட்டும்போதே கை நின்றது. அவள் கல்லூரியில் வைத்திருந்த முகவரி. பிறந்த தேதியும் அவளுடையது. எட்டு வருடங்களுக்கு முன்பு பதினான்கு வயதுத் தம்பி பின்னாலேயே அலைந்து, பதினெட்டு வயது கேட்கிறது அக்கா, ஒரே ஒரு தடவை என்று கெஞ்சியதால் திறந்து கொடுத்தது. மறந்தே போயிருந்தாள். ஆவணப்படி அவள் தன்னையே மிரட்டியிருந்தாள்.

தம்பி கூடத்தில் சோபாவில் கால்நீட்டிப் படுத்திருந்தான்.

"இரும்புப்பல் நீதானே?"

"உனக்கெப்படித் தெரியும்?" சிரித்தான்.

"பஸ்ஸப் பத்தி எழுதினியா?"

"அதுவா! சும்மா ஒரு பிட்டு. வேலைக்குப் போறவங்க ஏதாவது ஒரு பஸ்ல ஏறத்தானே செய்வாங்க? எங்க குரூப்ல செம ஹிட்டு. அது ஆளே இல்லக்கா, மெஷின். என்ன திட்டினாலும் உங்கள் ஏமாற்றம் புரிகிறதுங்கும். சூடு சொரணை இருக்கறவன் அப்படிச் சொல்வானா?"

"நான்தான் சொன்னேன்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். சிரிப்பு முகத்தில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப என் கோட்டைய நீதான் எடுத்தியா?"

"எடுத்தது வேற ஆளுங்க. சொன்னது நான்."

"எட்டு வருஷம்க்கா." அவன் குரல் உடைந்தது. அழப்போகிறான் என்று தெரிந்தது. கோட்டைக்காகத்தான், அக்காவுக்காக அல்ல என்பதும் தெரிந்தது.

"ரெண்டு பேரும் அந்தப் பொட்டிக்குள்ளயே குடித்தனம் நடத்துங்க. இங்க காபி ஆறிட்டிருக்கு," என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

அக்கா குரலைத் தாழ்த்தி, போலீஸ், ஐந்து மணி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கதவுப் பக்கம் பார்த்தான்.

"அடுத்த மாசம் வேலைல சேரணும். போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கு. அந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடேன். யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது. அதுதான் கஷ்டம்.

அறைக்குத் திரும்பி, நாலே முக்காலுக்குப் பதினோராவது வரிசையை அழித்தாள். பதினெட்டு. ஆள் குறைந்தது தெரியாமல் பட்டியல் நெருங்கி உட்கார்ந்துகொண்டது. ஒரு கணவன் வண்டியை அணைக்காமல் வாசலில் காத்திருப்பதை நினைத்தாள். இன்னும் எத்தனை நாளைக்கு, யாரிடமிருந்து காப்பாற்ற? அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தாள். பத்தொன்பது. கீழே எழுதினாள்: 'பதினோராவது கணக்கு என் மின்னஞ்சலில் பதிவானது. எழுதியது என் தம்பி.' இரண்டாவது வாக்கியத்தை எடுத்தாள். மறுபடி போட்டாள். தம்பி அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. மறுபடி எடுத்தாள்.

நாலு ஐம்பத்தாறுக்கு அனுப்பினாள்.

ஐந்தேகாலுக்கு அவளுடைய கடவுச்சொல் செல்லாததாயிற்று. திங்கட்கிழமை காலை வக்கீலைப் பார்க்க வரும்படி மேலாளர் ஒரு வரி அனுப்பியிருந்தார். அவர் வழக்கமாகச் சேர்க்கும் 'அம்மா' அதில் இல்லை. ஆறு மணிக்கு ஆந்தை புதிய வரைபடத்தின் முதல் படத்தை வெளியிட்டது. பத்து நிமிடத்துக்குள் அதன் கீழே நானூற்றுப் பன்னிரண்டு பதில்கள் வந்தன.