முப்பது விநாடிக்கு ஒருமுறை

எனக்கு வாய் நீளம். எவ்வளவு நீளம் என்பதை அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அலுவலகமே பார்த்தது.

நாங்கள் லிஃப்ட்டுகளைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதுகிறவர்கள். ஒவ்வொரு லிஃப்ட்டும் பத்து விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று ஒரு சின்னச் செய்தி அனுப்பும். இதயத்துடிப்பு என்று அதற்குப் பெயர். நாங்கள் ஒவ்வொன்றையும் போய்க் கேட்க வேண்டியதில்லை. செய்திகள் தாமாக வந்துகொண்டே இருக்கும். வந்தால் திரையில் பச்சை. அரை நிமிடம் வராவிட்டால் சிவப்பு, அலாரம், உடனே ஆளை அனுப்பு. அவ்வளவுதான் எங்கள் பிழைப்பு.

என்னைவிட நான்கு வருடம் சீனியர் ஒருவர், தான் எழுதியதை அன்று மீட்டிங்கில் திரையில் போட்டுக் காட்டினார். துடிப்பு அனுப்பும் வேலையைத் தனியாக ஒரு டைமரிடம் கொடுத்திருந்தார். லிஃப்ட்டை இயக்கும் பகுதி உறைந்து நின்றாலும் டைமர் பாட்டுக்கு 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவன் கதவைத் தட்டுவான், எங்களுக்குப் பச்சை எரியும்.

"சார், செத்தவன் கையில வாட்ச் ஓடுது. நீங்க வாட்சப் பாத்துட்டு ஆள் நல்லா இருக்கான்னு சர்ட்டிஃபிகேட் குடுக்குறீங்க," என்றேன். "வேலை செய்யறவன்தான் இருக்கேன்னு சொல்லணும். அவனுக்குப் பதிலா இன்னொருத்தன் சொன்னா அதுக்குப் பேரு துடிப்பில்ல, புளுகு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றுதான் இருந்தது, மறைப்பானேன்.

அந்த நேரத்தில் என் அப்பா தன் வீட்டுக் குளியலறைத் தரையில் நான்கு மணி நேரமாகக் கிடந்தார்.

அம்மா போனபிறகு அப்பா மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். "தினம் ஒருதடவ போன் பண்ணு, அது போதும்," என்று அண்ணன் படித்துப் படித்துச் சொன்னான். தினமும் என்ன பேசுவது? சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மாத்திரை போட்டீங்களா, போட்டேன். அந்த நாலு வார்த்தைக்குக் கூட எனக்கு நேரமில்லை என்று ஒரு நினைப்பு. அதனால் அப்பாவின் போனுக்கு நானே ஒரு ஆப் எழுதினேன். காலையில் எழுந்ததும் அவர் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். ஒன்பது மணிக்குள் அமுக்காவிட்டால் என் போன் அலறும்.

அதுதான் சரியான முறை. அவர் வாயால் அவரே சொல்வது.

ஆனால் அப்பா மறந்துவிடுவார். ஒரே மாதத்தில் பதினொரு தடவை. மீட்டிங்கில் இருக்கும்போது போன் அலறும், நான் அடித்துப் பிடித்து வெளியே ஓடிக் கூப்பிடுவேன். "அட, பேப்பர் படிச்சிட்டே இருந்துட்டேம்மா," என்பார். பதினொன்றாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒரு பட்டன அமுக்கக்கூட முடியலையாப்பா உங்களுக்கு? எனக்கு வேற வேலையே இல்லன்னு நெனச்சீங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பட்டனை எடுத்துவிட்டு டைமர் வைத்தேன். ஆமாம், டைமர்தான். ஹாலில் மேஜைமேல் சார்ஜரிலேயே கிடக்கும் போன், முப்பது விநாடிக்கு ஒருமுறை எனக்கு 'இருக்கிறேன்' அனுப்பும். அனுப்பும்போதெல்லாம் ஒரு பச்சை விளக்கு மினுக்கும்.

"இது எதுக்கும்மா மினுக்குது?" என்று கேட்டார்.

"இது மினுக்குனா எனக்குச் சேதி வருதுன்னு அர்த்தம்பா. நீங்க எதையும் தொடவே வேணாம்."

அவருக்கு அவ்வளவு நிம்மதி. இனிமேல் திட்டு விழாது அல்லவா.

அந்தச் செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு அண்ணன் கூப்பிட்டான். "அப்பா போன் எடுக்கல. ரெண்டு தடவ அடிச்சிட்டேன்."

நான் திரையைப் பார்த்தேன். பச்சை.

"பன்னெண்டு செகண்டு முன்னாடி துடிப்பு வந்திருக்கு. தூங்கிட்டிருப்பாரு."

"நேர்ல போய்ப் பாத்துட்டு வரட்டா?"

"நீ ஒண்ணு! எல்லாத்துக்கும் பதறிக்கிட்டு. இதுக்குத்தானே நான் மெனக்கெட்டு எழுதி வச்சிருக்கேன்?"

அண்ணன் என்னை நம்பினான். வீட்டில் நான்தான் படித்தவள்.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு அப்பாவுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் அம்மா, தன் வீட்டு மேற்கூரையில் தண்ணீர் கசிகிறது என்று அண்ணனுக்குப் போன் செய்தார். அவன் கதவை உடைத்து உள்ளே போனான். குழாய் நூலாக ஒழுகியபடி இருந்தது. வடிகாலைத் துண்டு அடைத்திருந்தது. இடுப்பெலும்பு முறிந்து அப்பா ஈரத்தில் கிடந்தார். முப்பது மணி நேரம். அண்ணன் என்னைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரி பெயரை மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

போகும் வழியில் கணக்குப் பார்த்தேன். அந்த முப்பது மணி நேரத்தில் மூவாயிரத்து அறுநூறு துடிப்புகள் வந்திருந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் எதையும் எழுதியதில்லை.

இனி நடக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னார். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்றார். கட்டிலருகே உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்தேன். தண்ணீரில் ஊறிய விரல்கள் இன்னும் சுருங்கியே இருந்தன. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"ஏம்பா, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? பக்கத்து வீட்ல ஆள் இருந்தாங்களே."

"எதுக்கும்மா அவங்களத் தொந்தரவு பண்ணணும்?" குரல் காற்றாக வந்தது. "படுத்த எடத்துலேருந்து ஹால் மேஜை தெரிஞ்சுது. வெளக்கு மினுக்கிட்டே இருந்துச்சு. உனக்குத்தான் சேதி வருதே, இப்ப நீ வந்துடுவேன்னு பாத்துட்டே இருந்தேன். நடுவுல போன் அடிச்சு நின்னுச்சு. அண்ணன்தான்னு தெரியும். சரி, உன்னக் கேட்டுப்பான்னு நெனச்சேன்."

அண்ணனின் முதுகு குலுங்கியது. எனக்கு அழக்கூட அருகதையில்லை என்று தோன்றியது; ஆனாலும் அழுதேன்.

அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்போல் கேட்டார்.

"அந்த வெளக்கு உன்கிட்ட என்னதாம்மா சொல்லிச்சு?"

வாய் நீளமான எனக்குப் பொய் சொல்லவும் முடியவில்லை.

"நீங்க நல்லா இருக்கீங்கன்னு சொல்லிச்சுப்பா."

அவர் என் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"யாரக் கேட்டு சொல்லிச்சு?" என்றார்.