அனுசித்தின் ரத்தம்

மூளைக்காய்ச்சல் தரும் அந்தப் பூஞ்சை, ஆளைப் படுக்கையில் தள்ளும் முன்பே தன் மேலுறையின் சர்க்கரை இழைகளைத் துளியூண்டு ரத்தத்தில் உதிர்த்துவிடும். சியாங் மாய் ஆய்வகத்தில் பின்மணி தேடியது அதைத்தான். அவள் சேர்க்கும் சாயம் அந்த இழைகளைப் பற்றித் திரளும். திரளில் பட்ட ஒளி சிதறும். திரையில் கோடு எழும்பும். நோயில்லாதவர் ரத்தத்தில் கோடு படுத்தே கிடக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உடன் வேலை செய்பவர்களிடமே ரத்தம் வாங்கியிருந்தாள்.

அனுசித்தின் ரத்தத்தில் கோடு எழும்பியது.

ஊசி போடுமுன் துடைத்த பஞ்சாக இருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பஞ்சு நாரும் ஒருவகைச் சர்க்கரை இழைதான், எங்காவது ஒட்டியிருக்கலாம். மறுபடி கூப்பிட்டபோது, கருவிகளைப் பழுதுபார்க்கும் அனுசித் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தான். "என்னக்கா, என் ரத்தத்துல நூடுல்ஸ் சூப்பா ஓடுது?" சிரிக்கும்போதே நெற்றியைச் சுளித்தான். தைல வாசனை அடித்தது. கொஞ்ச நாளாகவே தலைவலி, வெயில்தான் காரணம் என்றான்.

இம்முறை பஞ்சு பக்கத்திலேயே வரவில்லை. கோடு அதே உயரத்தில் நின்றது.

அந்த ஒரு முடிவை மட்டும் கணக்கிலிருந்து நீக்கிவிடச் சொன்னார் பேராசிரியை வராபோர்ன். இன்னும் நிரூபணமாகாத சோதனையை வைத்து ஒரு மனிதனைக் கலங்கடிக்கலாமா என்று கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால் உடம்பின் காவல் தளர்ந்த இடத்தில்தான் பெரும்பாலும் அந்தப் பூஞ்சை நுழையும். காவல் எதனால் தளர்கிறது என்பது இந்த ஆய்வகத்தில் தரை துடைப்பவருக்குக்கூடத் தெரியும்.

பணிமனையில் அனுசித் ஒரு விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடிக்கும்வரை திருப்புளியைக் கீழே வைக்கவில்லை.

"தப்பா இருக்கலாமாக்கா?"

"இருக்கலாம். அதனாலதான் ஆஸ்பத்திரியில சரியா பாத்துடலாம்ங்கறேன். இப்பவே. நானும் வரேன்."

"பூஞ்சைய மட்டுமா பாப்பாங்க?"

"இல்ல. எச்.ஐ.வி.யும் பாப்பாங்க."

கழற்றிய திருகுகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டான். பிறகு, "என் பொண்டாட்டி மாசமா இருக்கா," என்றான்.

அவளையும் சீக்கிரமே பார்க்கவேண்டும், பார்த்துவிட்டால் குழந்தையைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்று மட்டும் பின்மணி சொன்னாள்.

வாசலில் அவனுடைய பைக் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நானே ஓட்டுகிறேன் என்றாள், தலையசைத்தான். இருந்தது ஒரே தலைக்கவசம். அதை அவள் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் பூட்டப் பார்த்தான். கொக்கி விரல்களில் நிற்காமல் நழுவியது. அவள் உதவவில்லை. முகத்தை நிமிர்த்தியபடி, அது பூட்டும்வரை அசையாமல் நின்றாள்.