ஒழுங்குகெட்ட மாதிரி

"டேய் தடியா, 'ஒழுங்குகெட்ட மாதிரி'ன்னா என்னடா?"

"எங்க இருக்கு?"

"உன் அத்தியாயத்துலதான்! 'ஆய்வுக்கு ஒழுங்குகெட்ட மாதிரி தேர்ந்தெடுக்கப்பட்டது.' யாருடா ஒழுங்குகெட்டவங்க? பஸ் ஸ்டாண்டுல நாம கேள்வி கேட்ட அத்தனை பேருமா?"

தடியன் சிரிச்சான். குருவி சிரிக்கல. எதுக்கெடுத்தாலும் கெக்கெக்கேன்னு சிரிக்கிற பொண்ணு அவ. அவ மூஞ்சியப் பாத்ததும் அவன் சிரிப்பும் பாதியில நின்னுடுச்சு.

விஷயம் இதுதான். பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு யார் யார் முட்டி மோதுறாங்கன்னு ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆய்வு பண்ணியிருந்தாங்க. கடைசி வருஷ ப்ராஜெக்ட். பாதி அவ எழுதினா, பாதி அவன். இன்னைக்கு ஆபீஸ் மூடுறதுக்குள்ள கைடு மேடம்கிட்ட குடுத்தாகணும். இதுல முதல் வகுப்பு வந்தாதான் குருவிக்கு ஆராய்ச்சிப் படிப்புல சீட்டு. அவ அண்ணன் வேற இப்பவே தெரு முழுக்க, "என் தங்கச்சி டாக்டராகப் போறா, ஊசி போடாத டாக்டர்"னு தம்பட்டம் அடிச்சுட்டுத் திரியறான்!

"அது சீரற்ற மாதிரிதானே, ரேண்டம் சாம்பிள்? குலுக்கல் போட்டு ஆளுங்களைத் தேர்ந்தெடுக்கிறது. எங்கேருந்துடா சுட்ட?"

"லைப்ரரியில ஒரு பழைய தீசிஸ். ஆனா அப்படியே எடுக்கல குருவி, சத்தியமா! வார்த்தைக்கு வார்த்தை மாத்திட்டேன், அப்படித்தான் 'சீரற்ற' 'ஒழுங்குகெட்ட' ஆச்சு. காப்பி கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர்ல போட்டுப் பாத்தேன், பச்சைதான் காட்டுச்சு."

"சட்டையத் திருடிட்டு பட்டனை மட்டும் மாத்தித் தெச்சா அது உன் சட்டையாடா?"

"சரி தாயே! அந்த ஆளு பேரை அடிக்குறிப்புல போட்டுடறேன். போதுமா?"

போதும்னுதான் அவளும் ஒரு நிமிஷம் நெனச்சா. அப்புறம் அந்த வரியத் திரும்பப் படிச்சா.

"பேரைப் போட்டா மட்டும்? நாம எங்கடா குலுக்கல் போட்டோம்? போன் நோண்டாம சும்மா உக்காந்திருந்தவங்களாப் பாத்துதானே கேட்டோம்! அந்த ஆளு பண்ணின வேலைய நாம பண்ணினதா எழுதி வச்சிருக்க. இது எழுத்துத் திருட்டு மட்டும் இல்லடா, பச்சைப் பொய்."

தடியன் காதைச் சொறிஞ்சான்.

"இன்னும் எத்தனை பக்கம் இப்படி?"

"...என் பாதியில, பாதிக்கு மேல."

இன்னைக்குள்ள திருப்பி எழுத வழியே இல்ல.

"பேசாம குடுத்துடலாம். மேடம் எங்க வரி வரியாப் படிக்கப் போறாங்க?"

அவ அந்தப் பேப்பர் கட்டைத் தூக்கிட்டு விறுவிறுன்னு நடந்தா. இவன் பின்னாலயே, "குருவி, நில்லு, எங்க போற"ன்னு ஓடினான்.

மேடம் ரூம்ல ஃபேன் மட்டும் கறக் கறக்னு சுத்திட்டிருந்துச்சு. மேடம் கை நீட்டினாங்க. குருவி கட்டை விடவே இல்ல.

"மேடம், இதை இன்னைக்குக் குடுக்க முடியாது. இதுல வேறவங்க எழுத்து கலந்திருக்கு."

மேடம் கண்ணாடியக் கழட்டினாங்க. "யாரு எழுதின பகுதி?"

பின்னால தடியன் நின்னுட்டிருந்தான். ஒரே வார்த்தை. 'அவன்'னு சொன்னா சீட்டு அவளுக்கு. அவன் கதை அவனோட.

"நாங்கதான் மேடம்."

மேடம் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. "நீங்களா வந்து சொன்னதால மேலிடத்துக்குக் கொண்டு போகல. ஒரு வாரம் தரேன், உங்க வேலைய உங்க வார்த்தையில எழுதிட்டு வாங்க. ஆனா மார்க்குல கை வைப்பேன். முதல் வகுப்பை ரெண்டு பேரும் மறந்துடுங்க."

வெளிய வந்ததும் குருவி செவுத்துல சாஞ்சுட்டா. அண்ணன் மூஞ்சிதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

"ஏன் 'நாங்க'ன்னு சொன்ன?" தடியன் கேட்டான்.

"பின்ன, உன்னைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?"

"இவ்வளவு நேரம் எனக்கு என்ன கிளாஸ் எடுத்த? அடுத்தவன் எழுதினதுல நம்ம பேரைப் போடக்கூடாதுன்னுதானே? இப்ப நான் எழுதினதுல உன் பேரைப் போட்டுட்டு வந்து நிக்கிறியே, இதுக்கு என்ன பேரு?"



தடியன் சட்டைய இழுத்து விட்டுக்கிட்டான். கதவை நோக்கித் திரும்பினான். அவ எட்டி அவன் கையப் பிடிச்சா. அவன் மெதுவா உருவிக்கிட்டு உள்ள போயிட்டான்.

"மேடம், அது நாங்க இல்ல. நான்."

கதவு சாத்திக்கிச்சு. அப்புறம் உள்ளேருந்து ஃபேன் சத்தம் மட்டும்தான்.

சொல்லுங்க, அவ சொன்ன அந்த 'நாங்க' நட்பா, இல்ல 'அவன்'ங்கறதை 'நாங்க'ன்னு மாத்தின இன்னொரு ஒழுங்குகெட்ட மாதிரிதானா? நீங்க என்ன நெனைக்கிறீங்க?