ஹெல்வியின் பாட்டு ஊருக்குப் போன விதம்

"பாட்டு ஹெல்வியோட போகல்லயா உம்மா?" என்று நாலு வயது ஹுஸ்னியா கேட்டாள். போகவில்லை. சுனாமி அவளுடைய வாப்பாவைக் கொண்டுபோன பின் பிள்ளை கண் மூடவில்லை. உம்மாவுக்குப் பாடக் குரல் வரவில்லை. கல்முனைக்குடிக்கு உதவிக்கு வந்த பின்லாந்துத் தாதி ஹெல்விதான் தன் மொழியில் தாலாட்டினாள். வேலை முடிந்து அவள் விமானமேறிய பிறகும் பாட்டு மட்டும் வீட்டுக் கூரை வளையில் தங்கி, ஆளில்லாமலே பாடிக்கொண்டிருந்தது. "கிடந்துட்டுப் போகட்டும், விருந்தாளிதானே," என்றார் உம்மா சபியா.

உறங்காத பிள்ளைகளை ஊரார் அங்கே கொண்டுவரத் தொடங்கினர். பக்கத்து ஊரான காரைதீவிலிருந்தும் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குப் பாட்டின் பொருள் அறிய ஆசை வந்ததில் பின்லாந்து மொழி இலக்கியக் கழகம் உருவாயிற்று. கலியாண வீடுகளில் உட்காரக் கதிரைகளை வாடகைக்கு விடும் மீராமுகைதீன் தலைவரானார். "கதிரை அவர்ர. வேற ஆரு தலைவர்?" என்றாள் தம்பியை உறங்கவைக்க வந்த காரைதீவுச் சிறுமி சுஜித்தா. இணையத்தில் மொழி படித்தார்கள். ஏரிகளையும் கரடிகளையும் பற்றிய நாட்டார் பாடல்களைத் தமிழாக்கினார்கள். உறைபனி வந்த வரிகளுக்காக எல்லோரும் ஐஸ் தொழிற்சாலைக்குள் போய் நின்று நடுங்கிவிட்டு வந்தார்கள். ஆண்டுகள் போயின. சபியா உம்மா மௌத்தானார். ஹுஸ்னியா கழகத்தின் செயலாளரானாள்.

இந்த வருடம் ஹெல்வியின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அம்மாவுக்கு எல்லாம் மறந்துவிட்டது, உறக்கமே இல்லை, ஏதோ ஒரு தாலாட்டைத் தேடித் தேடி அழுகிறாள் என்றாள். ஹுஸ்னியா இதை யாரிடமும் சொல்லவில்லை. பாட்டுப் போனால் கழகமும் போய்விடலாம். சுஜித்தாவின் கைக்குழந்தை வேறெங்கும் உறங்காது. ஆனாலும் அது இரவல் பொருள்.

அயல்வீட்டுக் கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அவ்வூரில் இல்லை. எனவே விடியற்காலைச் சுபஹ் தொழுகை முடிந்ததும் அவள் வளையின் கீழே நின்று, கடல் வருமுன் உம்மா தனக்குப் பாடிய தாலாட்டை அந்தப் பாட்டுக்குள் மெல்லப் பாடி வைத்தாள். பிறகு வடக்குச் சன்னலைத் திறந்துவிட்டாள்.

பகலில் சுஜித்தா பிள்ளையோடு வந்தாள்.

"பாட்டு எங்க புள்ள?"

"ஊருக்குப் போயிட்டு அக்கா."

"ஓம், அதுக்கும் வீடுவாசல் இருக்கும்தானே. அப்ப நீ பாடு."

ஹுஸ்னியா பாடினாள். பிள்ளை கொஞ்சம் முரண்டுபிடித்துவிட்டு உறங்கியது. மீராமுகைதீன் வழக்கம்போல் கழகக் கூட்டத்துக்குக் கதிரைகளை வரிசையாக அடுக்கினார்.

அதே வேளையில் பின்லாந்தில் ஹெல்வி, தனக்குத் தெரியாத ஒரு மொழியில் எதையோ முணுமுணுத்தபடி உறங்கிப்போனாள். அறையில் பாட்டைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை.